ஓங்கிய வாளும் ஓராயிரம் கமென்ட்டும்

உங்கள் முதல் கேம் வெளியாகும் நாளன்று கமென்ட் பகுதிப் பக்கமே போகாதீர்கள் என்று யாராவது ஒருவர் அறிவுரை சொல்வார். நீங்கள் போவீர்கள். நானும் போனேன். குளிக்காமல், சாப்பிடாமல் உட்கார்ந்து படித்தேன். ஆகவே அந்த அறிவுரையை நான் சொல்லப்போவதில்லை. படித்து முடித்தபிறகு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. அது உங்களைக் காப்பாற்றும் என்று உறுதி தரமாட்டேன். எங்களைக் காப்பாற்றவில்லை.

வேலை பார்த்த காலம் முழுக்க நான் சண்டைகளைத்தான் வடிவமைத்தேன். வில்லுக்காரி எத்தனை அடி தாங்குவாள், பூதம் எப்போது திருப்பி அடிக்கும், விஷம் உடம்பில் எவ்வளவு நேரம் ஏறும், இதெல்லாம் முடிவு செய்வது என் பொறுப்பு. என் மாமியார் கடைசிவரை நான் பேங்கில் இருக்கிறேன் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. இந்தத் தொழிலில் ஐம்பதைத் தாண்டியவள் என்றால் பழைய சாமான் கணக்கு. இப்போது காளப்பநாயக்கன்பட்டியில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் உருப்படியாகச் சொல்லத் தகுந்தது ஒரே ஒரு தோல்விதான்.

முதல் பாகத்தைச் சேலத்தில் ஒரு மாடி அறையில் செய்தோம். போனில் ஆடும் கேம். வாள்காரன், வில்லுக்காரி, கேடயக்காரன், மருந்து போடுகிற பெண் என்று நான்கு பேர் ஒரு காட்டைக் கடந்து போகிறார்கள், வழியெல்லாம் பூதங்கள். சண்டை முறை வைத்து நடக்கும். நீங்கள் ஓர் அடி அடித்தால் எதிரி ஓர் அடி அடிப்பான். அடுத்த கட்டளையை நீங்கள் கொடுக்கும்வரை அவன் அப்படியே நிற்பான். மறுநாள் வந்தாலும் நிற்பான். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் பிடித்தவர்களுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. இரண்டாம் பாகம் எப்போது, இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தத் தொழிலில் அதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது.

இரண்டாம் பாகத்தைக் கொல்லிமலைக்கு மேலே செய்தோம். நிறுவனத்தை நடத்தியவர் அந்த மலையிலேயே ஆலத்தூர் நாட்டுக்காரர். மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். சேலத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றதும், "எங்க ஊட்டுல ரெண்டு ரூம் சும்மாதாங்கக்கா கெடக்குது. அங்க உக்காந்து முடிச்சரலாம், வாங்க" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வயதில் என்னைவிடச் சின்னவர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். சம்பளம் தருகிறவர் அவர்தான் என்பதை இருவருமே அதிகம் நினைத்துக்கொள்வதில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறி, வளைவு வளைவாகச் சுற்றி மேலே போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி எடுத்திருப்பார்கள். மழை நாளில் ரோட்டில் கல் சரிந்தால் இன்டர்நெட் கேபிளும் சேர்ந்து அறுந்துவிடும். அன்றைக்கு மட்டும் நாங்கள் நிம்மதியாக வேலை செய்வோம்.

வேலை முக்கால்வாசி முடிந்த நிலையில் ஒரு சின்ன டெமோ வெளியிட்டோம். ரசிகர்கள் ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்றுதான். காட்டைப் பாராட்டினார்கள், கதையைப் பாராட்டினார்கள். சண்டையைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள்.

'ஒரு கொசுவை அடிக்க அரை நாளா?' 'முறை வைத்து அடித்துக்கொள்வதற்கு இது என்ன கோவில் மண்டகப்படியா?' 'இந்தக் காலத்தில் இதை யார் ஆடுவார்கள், நேரடிச் சண்டையாக மாற்றுங்கள்.' நேரடிச் சண்டை என்றால் யாரும் யாருக்காகவும் நிற்காமல், ஓடிக்கொண்டே அடித்துக்கொள்வது. தயிர்சாதம் என்ற பெயரில் எழுதும் ஒருவர் இருந்தார். முதல் பாகத்திலிருந்தே எங்களுடன் வருகிறவர், நீளநீளமாக எழுதுவார், மற்றவர்கள் அவர் பின்னால் போவார்கள். அவர் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். 'நான் பல் தேய்த்துவிட்டு வந்தேன். அவன் இன்னும் வாளை ஓங்கிக்கொண்டே நிற்கிறான். தயவுசெய்து இந்த முறைச் சண்டையைத் தூக்கிப் போடுங்கள்.'

இதைப் படித்து நாங்கள் எல்லோரும் முதலில் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. கமென்ட் வந்துகொண்டே இருந்தது. தம்பி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படித்தார். அவர் முகம் நாளுக்கு நாள் சுண்டிப்போனது.

"இவங்களுக்கு முறைச் சண்டையே புடிக்கலீங்கக்கா" என்றார் ஒரு நாள் சாயங்காலம். "காலம் மாறிப்போச்சு. எல்லாரும் நேரடிச் சண்டைக்குப் போயிட்டாங்க. நாம மட்டும் நின்னு நின்னு அடிச்சுக்கிட்டு இருக்கறோம்."

"மொதப் பாகத்துலயும் இதே சண்டைதானுங்க தம்பி. அப்பப் புடிச்சுதே."

"அப்ப நாம சின்ன ஆளுங்க. மன்னிச்சாங்க."

எனக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. ஆனால் எதிர்த்துச் சொல்ல என் கையிலும் ஒன்றும் இல்லை. ஏதோ ஒன்று இடிக்கிறது, இரண்டு நாள் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை வாசல் கேட்டில் நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த ஆணி என் கையைக் கிழித்துவிட்டது. டிடி ஊசி போட்டுக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸ் முப்பத்தைந்து வயதுக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து மலைக்குப் போஸ்டிங் வாங்கி வந்தவர். ஊசியைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்றார். மேசை மேல் அவர் போன் இருந்தது. அதில் எங்கள் முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஊசி வலி போன இடம் தெரியவில்லை. எங்கள் கேமைச் சொந்தக்காரரோ கூட வேலை செய்கிறவரோ அல்லாத ஒருவர் தன் பாட்டுக்கு ஆடுவதை நான் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது என்ன கேமுங்க சிஸ்டர்?" என்று தெரியாதவள்போல் கேட்டேன்.

"சும்மா ஒரு சண்டை கேமுங்க. நான் மட்டும் இல்ல, எங்க வீட்டுக்காரரும் ஆடுறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்ட்டு. அவரு லாரி ஓட்டுறாரு, பாதி நாள் வடக்கதான். நான் ஒரு அடி அடிச்சுட்டு வச்சுருவேன். அவரு எங்கயாச்சும் டீக்கு வண்டிய நிறுத்தும்போது தொறந்து அடுத்த அடி அடிப்பாரு. அப்புறம் நான். இந்தப் பூதத்த ஒரு வாரமா அடிச்சுக்கிட்டு இருக்கோம்."

"போன்ல பேசிக்கலாமேங்க?"

"பேசுனா மூணாவது வார்த்தையில என் டிரான்ஸ்ஃபர் பேச்சு வந்துரும். அப்புறம் எங்க பேசறது, ஒரே கத்தல்தான். இதுல ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னு அடிக்கிறோம்ல." அவர் சிரித்தார். "வில்லுக்காரி நானு, கேடயக்காரன் அவரு. போன மாசம் நான் கோவத்துல போனே எடுக்கல. ஆனா கேமைத் தொறந்து பாத்தா, அவரு முறையில பூதத்த அடிக்காம என் வில்லுக்காரிக்கு மருந்து போட்டு வச்சிருக்காரு. அதுக்கு மேல என்னங்க கோவம்."

நான் யார் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறகு நம்பி, மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். இரண்டாம் பாகத்தின் டெமோவை அவர் போனில் ஏற்றிக்கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஆடுவதைப் பார்த்தேன்.

வாள்காரனுக்குக் கட்டளை கொடுத்தார். அவன் வாளை ஓங்கினான். கேமரா அவனைச் சுற்றி வந்தது. வாளில் வெயில் மின்னியது. அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். ஓடினான், எழும்பினான், அடித்தான், இறங்கி நின்று தலைமுடியைக் கோதினான். அதற்குள் சிஸ்டர் பஞ்சை எடுத்து டப்பாவில் போட்டு மூடி, காத்திருந்த ஓர் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்து, எத்தனை வேளை என்றும் சொல்லி முடித்துவிட்டார்.

"ஒவ்வொரு அடிக்கும் இப்படியேதாங்களா?" என்றார். "நான் வர்ற வரைக்கும் பூதம் நின்னா அது எனக்காக. நான் வந்து உக்காந்தப்புறம் இவன் நிக்கறது எதுக்குங்க?"

அந்தக் காட்சியை முழுதாகப் பார்த்து எனக்கே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. காரணம் சொல்கிறேன், இதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கேமைச் சோதிப்பதற்காக நாங்கள் ஒரு ஸ்கிப் பட்டன் வைத்திருந்தோம். அதை அழுத்தினால் இந்த ஓங்கல், சுற்றல், குதித்தல் எல்லாம் தாண்டி நேராக அடி விழும். வெளியிடும் பிரதியில் அந்தப் பட்டன் இருக்காது. எங்கள் பிரதியில் மட்டும் இருந்தது. ஒரே சண்டையை ஒரு நாளில் நூறு தடவை ஆடுகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. விரல் அதிலேயே கிடக்கும். நாளடைவில் அழுத்துகிறோம் என்ற நினைப்பே போய்விட்டது. நாங்கள் செய்த சண்டையை ரசிகர்கள் ஆடும் வேகத்தில் எங்களில் ஒருவர்கூட ஆடவில்லை. எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு இல்லை என்று ஊரே சொன்னது. எங்கள் தட்டில் மட்டும் நாங்கள் தனியாக உப்புப் போட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் பாகத்தில் இந்தத் தொல்லை இல்லை. அப்போது நல்ல ஓவியர் வைக்க எங்களுக்கு வழி இல்லை. வாள்காரன் கையைத் தூக்குவான், போடுவான், முடிந்தது. இரண்டாம் பாகத்துக்கு நல்ல ஓவியர் கிடைத்தார். அழகாக ஓங்க வைத்தார். தயிர்சாதம் எழுதியதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். 'இன்னும் வாளை ஓங்கிக்கொண்டே நிற்கிறான்.' அவர் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டியிருந்தார். அடுத்த வரியில் ஒரு மருந்தையும் சொல்லியிருந்தார். நாங்கள் மருந்தை மட்டும் படித்திருந்தோம்.

சாப்பாட்டுக்கு நிற்காமல் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. எல்லோரும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி திரும்பிப் பார்த்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் களை வந்திருந்தது.

"சொல்லிட்டேங்கக்கா" என்றார்.

பொதுவில் அறிவித்துவிட்டார். 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் கேட்டோம். இரண்டாம் பாகம் நேரடிச் சண்டையாக வருகிறது.' கீழே பாராட்டு மழை. ரசிகன் பேச்சைக் கேட்கும் ஒரே கம்பெனி என்று எழுதியிருந்தார்கள். தயிர்சாதம் இரண்டு கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

நான் தம்பியைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னேன். ஸ்கிப் பட்டனைச் சொன்னேன், சிஸ்டரைச் சொன்னேன், அவர் வீட்டுக்காரரைச் சொன்னேன். வாள் ஓங்குவதை வெட்டிவிட்டு அதே டெமோவை இன்னொரு தடவை விட்டுப் பார்க்கலாம், சின்ன வேலைதான் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் முட்டாள் இல்லை. நான் சொன்னது அவருக்குப் புரிந்தது, அதை அவர் கண்ணில் பார்த்தேன்.

"அக்கா, இத்தன நாள்ல ஒருத்தனும் நம்மளப் பாத்துக் கை தட்டுனதில்லை. இன்னிக்குத் தட்டறாங்க. இப்பப் போயி, நீங்க கேட்டது தப்பு, உங்களுக்கு வேண்டியது வேறன்னு சொன்னா, என்னை என்னன்னு நெனப்பாங்க?"

"திட்டுவாங்க. கேம் நல்லா வந்தா மறந்துருவாங்க."

"அத்தன பேரு எழுதியிருக்கறாங்க. நீங்க ஒரு நர்ஸம்மா ஆடுனத வச்சு வேண்டாங்கறீங்க."

"எழுதாதவங்க எத்தன பேருன்னு நமக்குத் தெரியுங்களா தம்பி?"

"தெரியாதுங்கக்கா. அதுக்குத்தான் எழுதறவங்களக் கேக்கறேன்." அவிழ்ந்து கிடந்த ஒரு மிளகுக் கொடியை எடுத்து மரத்தில் சுற்றிவிட்டார். "அந்தப் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்காக ஒரு கேம் செய்ய முடியுங்களா?"

நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்து வையுங்கள். ஒரு பக்கம் ஆயிரம் பேர் எழுதியது, மறுபக்கம் ஒரே ஓர் ஆளை உட்கார்ந்து பார்த்தது. நான் பார்த்ததுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். நிரூபிக்க முடியவில்லை. நேரமும் தம்பி கொடுக்கவில்லை. கைத்தட்டல் கேட்ட காதில் வேறெதுவும் ஏறாது.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைக்கவே கசக்கிறது. இட்லி மாவில் தோசை ஊற்றலாம். வெந்த இட்லியைத் தோசையாக்க முடியாது. நாங்கள் அதைத்தான் மாதக்கணக்கில் செய்தோம். நின்று யோசிப்பதற்காகச் செய்த காடு, ஓடிக்கொண்டே அடிப்பதற்குக் குறுகலாக இருந்தது. முறைக்கு முறை ஏறும்படி வைத்திருந்த விஷம், நேரடிச் சண்டையில் கண்மூடித் திறப்பதற்குள் ஆளைக் கொன்றது. மருந்து போடுகிற பெண் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோர் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தாள். அவளை வடிவமைத்தவள் நான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், ஒரு நாள் அழுதும் விட்டேன். எங்களில் நிரல் எழுதுகிறவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கேம் வெளியானது. அன்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. 'முதல் பாகத்தின் உயிரே போய்விட்டது.' 'இந்தச் சண்டையைச் செய்ய இதைவிட நல்ல கம்பெனிகள் நூறு இருக்கின்றன, உங்களை யார் கேட்டார்கள்?' தயிர்சாதம் இந்தத் தடவை நீளமாக எழுதவில்லை. 'நின்று யோசித்து அடிப்பதுதானே உங்கள் கேம். ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று மட்டும் எழுதியிருந்தார்.

உங்களுக்குக் கோபம் வரும். அவர்தானே கேட்டார் என்பீர்கள். நானும் அன்று பல்லைக் கடித்தேன். இப்போது யோசித்தால் அவர்மேல் குற்றம் இல்லை. இரண்டு தடவையும் அவர் வலித்ததைச் சொன்னார். வைத்தியம் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள். நோயாளி சொன்ன மருந்தையே எழுதிக்கொடுத்துவிட்டு, குணமாகவில்லை என்றதும் அவரை முறைத்து என்ன பயன். திட்டுகிறவர்களாவது நம்மை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். உண்மையில் விட்டுப் போகிறவர்கள் ஒரு வரி எழுதுவதில்லை. போனிலிருந்து கேமை எடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். அவர்களுடைய கமென்ட் எங்கேயும் இருக்காது. அதைப் படிக்கும் வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. நீங்களும் கண்டுபிடிப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தம்பி ஒவ்வொரு கமென்ட்டுக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினார். சில நாள் அப்படிப் போனது. பிறகு நிறுத்திவிட்டார். பிறகு நிறுவனத்தையே நிறுத்தினார். கேம் ஓடுவதற்கு வேண்டிய சர்வரையும் மூடினார்கள். இரண்டு பாகத்துக்கும் அது ஒன்றுதான். அவர் இப்போது கேம் எதுவும் ஆடுவதில்லை என்று கேள்வி. என்னோடு பேசுவதும் இல்லை. அவருக்கு என்மேல் கோபம் இருக்காது. என் முகத்தைப் பார்த்தால் அந்தத் தோட்டத்துப் பேச்சு நினைவுக்கு வரும், அவ்வளவுதான்.

மேலே கிடந்த என் சாமான்களை எடுத்துவரக் கடைசியாக ஒரு தடவை மலைக்குப் போனேன். திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சுகாதார நிலையத்தில் எட்டிப் பார்த்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து வந்தார்.

"நல்ல வேளை வந்தீங்க. உங்களத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். புதுசு எனக்கு ஒத்துவரலீங்க, அத விட்டுட்டேன். பழசத்தான் ஆடிக்கிட்டு இருந்தோம். ஒரு வாரமா தொறந்தா அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. மலையில சிக்னல் இப்படித்தானேன்னு இருக்கேன். மாடிக்குப் போயிக்கூடப் பாத்துட்டேன்."

"சிக்னல் இல்லீங்க சிஸ்டர்" என்றேன். "கம்பெனிய மூடிட்டாங்க. இனி தொறக்காது."

அவர் போனை எடுத்து அந்தக் கேமைத் தொட்டார். சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"நான் அடிச்சுட்டுத்தாங்க வச்சேன்" என்றார். "அடுத்தது அவரு முறை. அவரு தொறந்தாரா, அடிச்சாரான்னு எப்படிங்க பாக்கறது?"

"பாக்க முடியாதுங்க. அவருக்கே போன் பண்ணிக் கேளுங்க."

"பண்ணலாம்." போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். "பண்ணி, என்னன்னுங்க ஆரம்பிக்கிறது?"

பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.